சைக்கிள் ஓட்டுவோரின் பரஸ்பர உதவி

ஒரு கிராமத்தில் எத்தனை சைக்கிள்கள் ஓடுகின்றன என்று கணக்கெடுப்பதைக் காட்டிலும், எத்தனை சைக்கிள்கள் ஓடாமல் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகையிலும் சார்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கணக்கெடுப்பது பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு அதிகப் பயனளிக்கும். அவ்வாறு நிற்பவற்றை நெருங்கிப் பார்த்தால், சட்டம் ஒடிந்தோ சக்கரம் நொறுங்கியோ நிற்பவை மிகச் சிலவே என்பது புலப்படும். ஒன்றில் வால்வு டியூப் இற்றுப் போயிருக்கும்; ஒன்றில் செயின் துருவேறியிருக்கும்; மற்றொன்றில் பிரேக் கட்டை தேய்ந்திருக்கும். அரை மணி நேர வேலையும் சொற்பச் செலவும் போதுமானவை. அந்த வேலையை எப்படிச் செய்வது என்று அருகில் இருந்து சொல்ல ஆள் இல்லாததே வண்டி முடங்கியதற்குக் காரணம்.

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் இவ்விஷயம் தனிக் கவனத்திற்கு உரியது. 2019 நவம்பர் 26ஆம் நாள் விழுப்புரத்திலிருந்து பிரிந்து உருவான இம்மாவட்டத்தில், ஒரு புறம் கரும்பும் நெல்லும் விளையும் சமவெளி. மறு புறம் ஏறத்தாழ 2,000 அடி முதல் 3,000 அடி வரை உயர்ந்த கல்வராயன் மலை. தமிழ்நாட்டில் 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம், 2005-06 முதல் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு பயிலும் எல்லா மாணவ மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. மேல்நிலைப் பள்ளி எல்லா ஊர்களிலும் இல்லை. நான்கைந்து மைல் தொலைவிலுள்ள பள்ளிக்குச் செல்லும் பெண்ணின் சைக்கிள் ஒரு வாரம் நின்றுவிட்டால், அவள் நடந்து செல்ல வேண்டும். அல்லது பஸ்ஸிற்குக் காத்திருந்து இருட்டிய பின் வீடு திரும்ப வேண்டும். பெண்ணை மேலும் படிக்க வைக்கலாமா என்று இரு மனதாக இருக்கும் குடும்பத்தில் இந்த ஒரு வாரமே படிப்பை நிறுத்தக் காரணமாகிவிடக் கூடும். ஆகவே, டியூபில் விழும் ஒரு பொத்தலைச் சிறு விஷயமாக நாம் கருதுவதற்கில்லை.

சைக்கிள் ஓட்டுவோரிடையே நெடுநாளாக ஒரு நல்ல வழக்கம் உண்டு. வழியில் ஒருவர் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு நின்றால், பின்னால் வருபவர் இறங்கி விசாரிப்பார். தேநீர்க் கடையிலும் புளிய மரத்தடியிலும், பால் கேனைக் கட்டும் முறை முதல் பால்ஸ் மாற்றும் முறை வரை பேச்சு நடக்கும். இந்தப் பேச்சுதான் கிராமத்தின் சைக்கிள் பள்ளிக்கூடம். ஆனால் இப்பள்ளியில் தவறான பாடமும் சில சமயம் நடந்துவிடுகிறது. பிரேக் கிரீச்சென்று சத்தமிட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லும் புத்திசாலிகள் உண்டு. சத்தம் நிற்கும் என்பது உண்மையே. பிரேக் பிடிப்பதும் அத்துடன் நின்றுவிடும். ரிம்மிலோ பிரேக் ரப்பரிலோ எண்ணெய்ப் பசை ஒருபோதும் படலாகாது. பட்டால் சோப்பு நீரால் நன்கு கழுவித் துடைக்க வேண்டும். ரப்பரில் ஊறியிருந்தால் புதிய கட்டை போட்டுவிடுவதே மேல்.

அடிக்கடி எழும் கேள்வி பஞ்சரைப் பற்றியது. காற்று இறங்கியவுடன் டயரைக் கழற்றிவிடக் கூடாது. முதலில் வால்வின் வாயில் சிறிது நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் குற்றம் வால்வு டியூபில்; மாற்றினால் வேலை முடிந்தது. குமிழி வராவிடில் டியூபை வெளியே எடுத்து, காற்றடித்து, நீரில் அமிழ்த்திப் பொத்தலைக் கண்டறிய வேண்டும். பொத்தல் டியூபின் வெளிப்புறத்தில் இருந்தால் முள்ளோ ஆணியோ இன்னும் டயரிலேயே குத்தி நிற்கலாம். விரலால் கவனமாகத் தடவி அதை அகற்றாமல் டியூபை மட்டும் ஒட்டுவது மறுநாளே மற்றொரு பஞ்சருக்கு வழி. பொத்தல் உட்புறத்தில், அதாவது ரிம்மைத் தொடும் பக்கத்தில் இருந்தால், போக்ஸ் கம்பியின் முனை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். அம்முனையை அரத்தால் தேய்த்து, ரிம்மின்மேல் ரப்பர் நாடாவைச் சரியாகப் பரப்ப வேண்டும். ஒட்டும்போது பலரும் காட்டும் அவசரம் ஒன்று உண்டு. உப்புத்தாளால் தேய்த்த இடத்தில் சொல்யூஷனை மெல்லிதாகத் தடவியபின், அது ஈரமாக இருக்கும்போதே ஒட்டை அழுத்திவிடுகிறார்கள். சொல்யூஷனிலுள்ள திரவம் ஆவியாகிப் போன பின்னரே ரப்பருடன் ரப்பர் பற்றும். விரலால் தொட்டால் பசபசவென்று இருந்து, விரலில் ஒட்டி வராத நிலையே தக்க பதம். இரண்டு மூன்று நிமிஷம் பொறுத்திருந்தால் ஒட்டு டியூபின் ஆயுள் வரை நிற்கும்.

பெடல் கழற்றுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இடப் பெடலின் மரை தலைகீழானது. எல்லாத் திருகும் ஒரே பக்கம்தான் கழலும் என்று எண்ணிப் பலங்கொண்ட மட்டும் திருகி, கிராங்கின் மரையையே அழித்துவிட்டவர்கள் பலர். மிதிக்கும்போது பெடல் தானே கழன்றுவிடாதிருக்கவே இவ்வாறு அமைத்திருக்கிறார்கள். நினைவில் வைக்க எளிய வழி: மேலிருக்கும் ஸ்பேனரை வண்டியின் முன்பக்கம் நோக்கித் திருப்பினால் இரண்டு பெடல்களும் முடுகும், பின்பக்கம் நோக்கித் திருப்பினால் இரண்டும் கழலும். செயினைப் பொறுத்தவரை, நடுவில் விரலால் அசைத்தால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை ஆட வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் கழன்றுவிடும். குறைந்தால் மிதிப்பது கனக்கும். சீட்டில் அமர்ந்து, கீழே சென்ற பெடலில் குதிகாலை வைத்தால் கால் நேராக நிற்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் சீட் பெரும்பாலும் மிகத் தாழ்வாக இருக்கிறது. முழங்கால் வலிக்கு இதுவே காரணம் என்று அவர்கள் அறிவதில்லை.

சமவெளியில் இவ்வளவு தெரிந்தால் காலந்தள்ளலாம். மலையின் சங்கதி வேறு. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையின் பக்கமாக வெள்ளிமலைக்குச் செல்லும் பாதையில் ஏறுவோருக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது ஒரு குறைவன்று. ஏற்றம் மிகுந்த ஊர்களில் வசிப்போர், பின்சக்கரத்துப் பிரீவீல் 18 பற்கள் உடையதாயின், 20 பற்களுள்ளதைப் போட்டுக்கொள்ளலாம். மிதிக்க வேண்டிய பலம் பத்தில் ஒரு பங்கு குறையும். வேகமும் அந்த அளவே குறையும். செயினில் கண்ணி சேர்க்கவும் நேரலாம். இக்கணக்கைக் கடைக்காரரிடம் விளக்கிக் கேட்க வேண்டும்.

ஏற்றத்தில் களைப்பு மட்டுமே, ஆபத்து இறக்கத்தில்தான். வேகம் இரு மடங்கானால் வண்டி நிற்கத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் பிரேக் ரப்பர் வழுக்கும். அத்தூரம் இன்னும் நீளும். பின்னால் மரவள்ளி மூட்டையோ விறகோ இருந்தால் சொல்ல வேண்டுவதில்லை. எனவே இறங்கத் தொடங்கும் முன்பே வேகத்தை அடக்க வேண்டும். வளைவுக்குள் நுழைந்தபின் பிரேக்கைத் தேடுவது காலங்கடந்த செயல். ஈரமான நாளில் பிரேக்கை முன்கூட்டியே மெல்லத் தொட்டு ரிம்மிலுள்ள நீரை வழித்துவிடுவது நல்லது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும். நீண்ட இறக்கத்தில் ஓரிரு இடங்களில் நின்று ரிம்மைத் தொட்டுப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பிரேக் கட்டை மாட்டும் கூட்டிற்கு ஒரு பக்கம் மூடியிருக்கும், ஒரு பக்கம் திறந்திருக்கும். ரிம் எத்திசையில் ரப்பரை இழுத்துச் செல்கிறதோ அத்திசையில் மூடிய பக்கம் இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால், பிரேக்கை அழுத்தமாகப் பிடிக்கும் அந்த வேளையிலேயே ரப்பர் உருவிக்கொண்டு வெளியே விழுந்துவிடும். இச்சிறு விஷயம் தெரியாமையால் உயிருக்கே தீங்கு நேரக்கூடும் என்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று.

இத்தகைய அறிவை ஒருவர் மற்றவருக்குச் சொல்லும் ஏற்பாடு சைக்கிள் பரவத் தொடங்கிய நாளிலேயே தோன்றிவிட்டது. 1878ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் நிறுவப்பட்ட சைக்கிள் பயணிகள் சங்கம், பல ஊர்களில் ஒரு பிரதிநிதியை நியமித்தது. புதிதாக வரும் ஓட்டிக்கு எந்தப் பாதை நல்லது, எங்கே தங்கலாம், எவர் பழுது பார்ப்பார் என்று சொல்வது அவர் பொறுப்பு. செங்குத்தான இறக்கங்களின் தலைப்பில் அச்சங்கம் எச்சரிக்கைப் பலகைகளையும் நாட்டியது. கல்வராயன் மலைப் பஞ்சாயத்துகள் உடனே எடுத்தாளத் தக்க யோசனை இது.

அயல்நாட்டை விடுத்து நம் மாநிலத்திலேயே பார்ப்போமாயின், புதுக்கோட்டை மாவட்டத்தின் அனுபவம் இன்னும் அருமையானது. 1991இல் அங்கு அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, பெண்கள் தாமாகவே வெளியே சென்றுவர இயலாவிடில் எழுத்தறிவு மட்டும் போதாது என்று கண்ட அப்போதைய மாவட்ட ஆட்சியர் திருமதி ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியை அவ்வியக்கத்தின் ஓர் அங்கமாக்கினார். கற்றுக்கொண்ட பெண்கள் ஊதியம் கருதாமல் அடுத்தவருக்குக் கற்பித்தனர். பெண்களுக்கான சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளிலேயே பழகினர். சிலர் அதையே விரும்பவும் செய்தனர், நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா! 1992ஆம் ஆண்டு சர்வதேச மகளிர் தினத்தன்று 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகரில் அணிவகுத்துச் சென்றனர். ஏளனப் பேச்சுகளும் இல்லாமல் இல்லை; அவற்றைப் பொருட்படுத்தாமல் ஓட்டியதால்தான் தண்ணீர்க் குடமும் விளைபொருளும் சைக்கிளில் ஏறின.

கள்ளக்குறிச்சிச் சிற்றூர்களுக்கு இவ்வளவு பெரிய இயக்கம் தேவையில்லை. பஞ்சாயத்தின் பொறுப்பில் ஒரு மரப்பெட்டி போதும். அதில் நல்ல காற்றடிக்கும் பம்பு ஒன்று, ஸ்பேனர்கள், இரண்டு டயர் நெம்பிகள், சொல்யூஷன், ஒட்டு ரப்பர், உப்புத்தாள், வால்வு டியூப், எண்ணெய்க் குப்பி, கிரீஸ் ஆகியவை இருக்கட்டும். பெட்டியை நூலகத்திலோ பள்ளியிலோ வைப்பது உசிதம். எவர் வீட்டிலாவது வைத்தால் அது நாளடைவில் அவ்வீட்டின் சொத்தாகிவிடுவதை நாம் அறிவோம். சாவி இருவரிடம் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம், ஏனெனில் மாணவியர் கூச்சமின்றி வந்து கேட்பதற்கு அதுவே வழி. ஊரில் பழுது பார்க்கும் கடைக்காரர் இருந்தால் அவரை ஒதுக்கிவிடக் கூடாது. மாதம் ஒரு ஞாயிறு காலையில் அவரையே வந்து கற்பிக்கச் சொல்லி, அதற்குரிய கூலியையும் கொடுத்துவிடலாம். சிறு வேலைகள் குறைந்தாலும், ஓடும் வண்டிகள் பெருகினால் அவர் கடைக்குப் பெரிய வேலைகள் வந்து சேரும். மலையூர்களில் முதல் வகுப்பை, மழைக்காலம் தொடங்கும் முன்னரே, பிரேக்குக்கு என்று ஒதுக்குவது நலம்.

பெட்டியில் உள்ளவற்றுள் முதலில் கெடுவது பம்புதான். கைப்பிடியை அழுத்தியும் காற்று ஏறாவிட்டால் பம்பு பழுது என்று தூக்கி எறிய வேண்டாம். உள்ளேயிருக்கும் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். அதைக் கழற்றி, சில சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்து, ஓரத்தை விரலால் சற்று விரித்து மீண்டும் மாட்டினால் பழையபடி காற்று ஏறும்.