சீசரின் வெள்ளிக்காசு

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளிலிருந்து புதுவை செல்வோர் அருகிலுள்ள அரிக்கமேட்டையும் கண்டுவருதல் நன்று. உரோமையரோடு வாணிபம் நடந்த துறை அது. அந்நாளில் தமிழகம் வந்த வெள்ளித் தெனாரியங்களுள் மிகுதியானவை அகுஸ்து, திபேரியு காலத்தவை. கோவைப் பகுதியில் புதையல்களாகவே கிடைத்துள்ளன.

அகுஸ்துவின் காசில் அவர் வாரிசாக்கிய பேரர் இருவர் நிற்கின்றனர். (கி.பி. 4-க்குள் இருவரும் மாண்டது வேறு கதை!) திபேரியுவின் காசோ அவரைத் தெய்வமான அகுஸ்துவின் மகன் என்கிறது. செய்தித்தாள் இல்லாத காலத்தில் அரச விளம்பரம் மக்களின் மடிக்குள்ளேயே புகுந்தது.

வரி பற்றிய வினாவின்போது (மாற்கு 12) ஆண்டவர் கொண்டுவரச் சொன்னது இக்காசே என்பர் அறிஞர் பலர். உருவத்தோடு எழுத்தையும் சுட்டி அவர் வினவியதை நாம் கவனிக்கிறோம். மெய்யான இறைமகன் முன்னே அப்பட்டம்!

தமிழ் வணிகர்க்கோ எடையும் தரமுமே பொருட்டு போலும். 1898-இல் கிடைத்த புதுக்கோட்டைப் புதையலின் பொற்காசுகள் பலவற்றில் பேரரசரின் முகத்தின்மீதே உளிவெட்டு விழுந்திருக்கிறது.