வேலைக்குத் திரும்பும் அம்மாக்களே, தாய்ப்பாலைப் பீய்ச்சிச் சேர்க்க எப்போது ஆரம்பிப்பது?

திருப்பூர் வேலம்பாளையத்தில் காலை எட்டு மணி. செக்கிங், கைமடி, பேக்கிங் வேலைக்குப் போகும் பெண்கள் டிபன் பாக்ஸோடு கம்பெனி வேனுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் வீட்டில் கைக்குழந்தையை விட்டுவிட்டு வந்தவர்கள். எட்டரைக்கு உள்ளே போனால் வெளியே வர சாயங்காலம் ஐந்தரை ஆகும். ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரையும் ஆகலாம். அதுவரை குழந்தைக்குப் பால்?

"வேலைக்குப் போகணும், அதனால பவுடர் பாலுக்கு மாத்திட்டேன்" என்று சொல்லும் அம்மாக்கள் நிறைய பேர். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து வைத்துவிட்டுப் போகலாம். ஆனால் எப்போது ஆரம்பிப்பது என்பதில்தான் பலருக்கும் குழப்பம். பிறந்த மறுநாளே பம்ப் வாங்குபவர்களும் உண்டு, வேலைக்குப் போகும் முதல் நாள் காலையில் யோசிப்பவர்களும் உண்டு. உங்கள் நிலைமை எது என்று பாருங்கள். பதில் அதில்தான் இருக்கிறது.

குழந்தை உங்களோடு, நன்றாகக் குடிக்கிறதா?

அப்படியென்றால் முதல் நான்கு வாரம் அவசரமே வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். பிறகு குழந்தை கேட்கும்போதெல்லாம், இரவும் பகலுமாக நேரடியாகக் கொடுங்கள். குழந்தை எவ்வளவு குடிக்கிறதோ அதற்கேற்பத்தான் உடம்பு பால் சுரக்கும். இந்த நாட்களில் தேவையில்லாமல் பம்ப் செய்தால் அளவுக்கு மீறிப் பால் சுரந்து மார்பு கட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு.

பால் கட்டி மார்பு கல் மாதிரி ஆகி, குழந்தையால் வாய் வைக்க முடியவில்லை என்றால் மட்டும், இளகும் அளவுக்குக் கையால் கொஞ்சம் பீய்ச்சிவிட்டுப் பிறகு கொடுங்கள். மார்பு சிவந்து, வலியோடு காய்ச்சலும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். அதற்காகப் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறதா?

இங்கே கணக்கு வாரத்தில் இல்லை, மணியில். குறை மாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, உறிஞ்சிக் குடிக்க முடியாத குழந்தை என்றால் பிரசவமான முதல் சில மணி நேரத்துக்குள்ளேயே பீய்ச்ச ஆரம்பிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் மிக நல்லது. ஒரு நாளைக்கு 8 முதல் 10 தடவை, அதில் ஒரு தடவையாவது நள்ளிரவில்.

முதல் இரண்டு நாள் சில சொட்டுகள்தான் வரும். "பாலே வரலை" என்று மனசு உடைந்துவிடாதீர்கள். சீம்பால் அப்படித்தான், கொஞ்சமாகவும் கெட்டியாகவும் இருக்கும். அந்தச் சொட்டுகள்தான் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு சக்தி. இந்த நாட்களில் மெஷினைவிடக் கைதான் நன்றாக வேலை செய்யும். நர்ஸிடம் கேளுங்கள், சொல்லித் தருவார்கள். உங்களுக்குப் பால் போதாத நிலையில், தாய்ப்பால் வங்கி உள்ள அரசு மருத்துவமனைகளில் தானமாக வந்த பால், பரிசோதித்துப் பதப்படுத்தித் தரப்படுகிறது.

வேலைக்குத் திரும்பும் நாள் தெரியுமா?

அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்கு முன்னால் ஆரம்பித்தால் போதும். உதாரணத்துக்கு, குழந்தைக்குப் பத்து வாரம் ஆகும்போது வேலைக்குப் போகிறீர்கள் என்றால், ஏழாவது அல்லது எட்டாவது வாரத்தில் ஆரம்பிக்கலாம். காலையில் குழந்தை குடித்து முடித்த அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவை பீய்ச்சுங்கள். வீட்டில் இருப்பவர்கள் அந்தப் பாலைக் கொடுத்துப் பழக்கட்டும்.

முழு லீவு எடுத்தவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு உண்டு. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் இது. ஆனால் அதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துவிட்டால் மீதி 18 வாரம்தான். அதாவது நான்கு மாதம் முடிந்ததுமே வேலை. குழந்தைக்கோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் அந்த இரண்டு மாதத்தைக் காப்பாற்றுவது பீய்ச்சி வைக்கும் பால்தான்.

எவ்வளவு சேர்க்கணும்?

ஃப்ரிட்ஜ் நிறையச் சேர்க்க வேண்டியதில்லை. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தை ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி குடிக்கும். நீங்கள் ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் சுமார் 300 மில்லி. முதல் நாளுக்கு அவ்வளவும், கையிருப்பாக இன்னும் ஒரு நாளுக்கும் இருந்தால் போதும். அதன்பின் இன்று கம்பெனியில் எடுக்கும் பால் நாளைக்கு.

எப்படி எடுப்பது, எங்கே வைப்பது?

பம்ப் கட்டாயமில்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே கட்டை விரலை மேலேயும் மற்ற விரல்களைக் கீழேயும் வைத்து, நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. கொதிநீரில் போட்டு எடுத்த, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவே போதும்.

25 டிகிரி வரை வெப்பமுள்ள அறையில் பால் 4 மணி நேரம் தாங்கும். திருப்பூர் வெயிலில் அதை நம்ப வேண்டாம், எடுத்தவுடன் குளிரில் வையுங்கள். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள் வரை இருக்கும். ஃப்ரிட்ஜ் கதவில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். தேதியும் நேரமும் எழுதி ஒட்டுங்கள். கொடுக்கும்போது அடுப்பில் காய்ச்சக் கூடாது. வெந்நீர்க் கிண்ணத்துக்குள் டப்பாவை வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். பாட்டிலுக்குப் பதிலாகப் பாலாடையில் கொடுங்கள், சுத்தம் செய்வதும் சுலபம். குடித்து மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் கொடுக்காவிட்டால் கொட்டிவிடுங்கள்.

"வேலை முடிச்சு வந்த அம்மாவோட பால் சூட்டுப்பால், பீச்சி ஊத்திட்டுத்தான் கொடுக்கணும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லலாம். மார்பில் இருக்கும் பால் வெயிலிலோ வேலையிலோ கெட்டுப்போகாது. வீட்டுக்கு வந்ததும் கைகால் கழுவிவிட்டு நேராகக் கொடுங்கள்.

கம்பெனியில் என்ன கேட்கலாம்?

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது பீய்ச்சாவிட்டால் பால் கட்டும், நாளடைவில் சுரப்பும் குறையும். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் கூலிக் கணக்கில் தெரியும், உண்மைதான். ஆனால் இது சலுகை இல்லை, உரிமை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, பாலூட்டுவதற்காக நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. குழந்தை கூட இல்லாவிட்டால் அந்த நேரத்தில் பீய்ச்சிக்கொள்ள சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தையும் சேர்த்தால் மூன்று தடவை ஆகிவிடும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். அங்கே குழந்தையைப் பார்க்க நாளுக்கு நான்கு முறை போய் வரலாம். 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இதே உரிமைகள் உள்ளன.

ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவரா? முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் 70 நாளாவது பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், விடுப்புக் காலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. தரும். பணக் கஷ்டத்துக்காக ஓடி வருவதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள். பிரசவமான முதல் ஆறு வாரம் எந்த நிறுவனமும் உங்களை வேலைக்கு வைக்கவே கூடாது.

உரிமை மறுக்கப்பட்டால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் புகார் தரலாம். பெண்கள் உதவி எண் 181. பால் கொடுப்பதில் சந்தேகம் என்றால் 104-ஐ அழையுங்கள், அல்லது உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். வெளியூர் போகும்போது பேருந்து நிலையங்களில் 2015 ஆகஸ்ட் முதல் திறக்கப்பட்ட தாய்ப்பால் ஊட்டும் அறைகளைப் பயன்படுத்தலாம்.

இப்போது போனில் காலண்டரைத் திறங்கள். வேலைக்குத் திரும்பும் நாளைக் குறியுங்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு அலாரம் வையுங்கள். அந்த நாள் வரும்வரை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பால் கொடுங்கள்.