முயலுக்குத் தைலம் தடவாதீர்கள்

நீலகிரியில் நவம்பர் தொடங்கி பிப்ரவரி வரை உறைபனிக் காலம். ஊட்டியிலும் தலைகுந்தா போன்ற பள்ளமான இடங்களிலும் விடியற்காலையில் புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடக்கும். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிவிடும். அதே நாள் மதியம் வெயில் சுள்ளென்று அடித்து 20 டிகிரியைத் தொடும். இந்த மாதங்களில்தான் கால்நடை மருத்துவர்களிடம் அட்டைப்பெட்டியிலும் கூடையிலும் பழைய ஸ்வெட்டரில் சுற்றியும் வளர்ப்பு முயல்கள் வந்து சேருகின்றன. அவற்றில் பல, சாப்பிடுவதை நிறுத்தி இரண்டு நாள் ஆனவை. குளிருக்குத்தான் சுருண்டு படுத்திருக்கிறது என்று வீட்டில் நினைத்திருப்பார்கள். அதற்குள் வீட்டில் இருந்த மருந்தெல்லாம் அதன் வாய்க்குள் போயிருக்கும்.

உண்மையில் முயல் குளிருக்கு எளிதில் துவளும் பிராணி இல்லை. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையத்தில் சோவியத் சின்சில்லா, ஒயிட் ஜெயண்ட் இன முயல்களை மலைக்குளிரிலேயே வளர்க்கிறார்கள். ஏறக்குறைய 10 முதல் 20 டிகிரி வரை முயலுக்குச் சுகமான தட்பவெப்பம். 30-ஐத் தாண்டினால்தான் அது தவித்துப்போகும். சென்னையின் மே மாதத்தைவிட ஊட்டியின் ஜனவரி அதற்கு நல்லது. காய்ந்த படுக்கை, காற்று மறைவு, நிறையப் புல் ஆகிய மூன்றும் இருந்தால் போதும். நனைந்த கூண்டும் பட்டினியும் கைவைத்தியமும் சேரும்போதுதான் முயல் சாகிறது.

காது சில்லென்று இருந்தால்?

குளிர்காலத்தில் முயல் வளர்ப்பவர்களுக்கு முதலில் வரும் பயம் இது. குளிரும்போது உடல் சூட்டைக் காத்துக்கொள்ள, முயல் தன் காதுகளுக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே காது சில்லிட்டிருந்தும் முயல் துருதுருவென்று இருந்தால், புல்லைக் கடித்தால், கவலைப்பட ஒன்றும் இல்லை. காதோடு சேர்ந்து பாதமும் வயிறும் சில்லிட்டு, தொட்டாலும் அசையாமல், கழுத்து துவண்டு கிடந்தால் அது ஆபத்து. முயலின் இயல்பான உடல் வெப்பம் 38.5 முதல் 40 டிகிரி வரை. 38-க்குக் கீழே போய்விட்ட முயலுக்கு ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

தைலமும் பிராந்தியும் கரி அடுப்பும்

மூக்கு ஒழுகினால் மலையில் முதலில் கைக்கு வருவது நீலகிரித் தைலம். மனிதருக்கு இதமாக இருக்கிறது என்பதற்காக முயலின் மூக்கிலும் மார்பிலும் தடவுகிறார்கள். முயல் மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. அந்த மூக்கில் காரமான தைலத்தைத் தடவினால் ஏற்கெனவே புண்ணான சவ்வு இன்னும் எரிந்து வீங்கும். போதாததற்கு, அது தன் உடம்பை நக்கி நக்கித் தைலத்தை வயிற்றுக்குள்ளும் அனுப்பிவிடும். சாம்பிராணிப் புகையும் அப்படித்தான். தயவுசெய்து இரண்டையும் கூண்டுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பிராந்தி ஒரு ஸ்பூன் கொடுத்தால் உடம்பு சூடாகும் என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாராயம் தோலுக்கடியில் ரத்தக் குழாய்களை விரித்து உள்ளிருக்கும் சூட்டையும் வெளியே விட்டுவிடும். துவண்டுபோன முயலின் வாயில் எதை ஊற்றினாலும் பாதி நுரையீரலுக்குள் போகும். பிறகு நிமோனியா.

கரி அடுப்பு இவை எல்லாவற்றையும்விடக் கொடியது. மூடிய அறையில் கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. குளிருக்காக அடுப்பை உள்ளே வைத்துப் படுத்த மனிதர்களே இறந்துபோன செய்திகள் மலையிலிருந்து வருவதுண்டு. முயல் எம்மாத்திரம்?

முயலுக்கு ஸ்வெட்டர் போட்டுப் படம் எடுக்கும் ஆசையும் வேண்டாம். அது நூலைக் கடித்து விழுங்கும், குடல் அடைத்துக்கொள்ளும். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், உள்ளே போனதை வெளியே கொண்டுவர அதற்கு வேறு வழி கிடையாது. நாற்றம் போகட்டும் என்று வெந்நீரில் குளிப்பாட்டுவது இன்னொரு தவறு. நனைந்த அடர்த்தியான மயிர் மணிக்கணக்கில் காயாது. பயத்தில் பின்னங்கால்களை உதறும்போது முதுகெலும்பே முறிந்துவிடுவதுண்டு. முயல் தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். நாற்றம் அடிப்பது கூண்டு, அதைக் கழுவுங்கள்.

மருந்துக்கடைக்குப் போகும் முன்

இதைச் சொல்லும்போது மருத்துவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது என்றால் அதில் நியாயம் இருக்கிறது. குழந்தைக்கு வாங்கி மீதமிருந்த அமாக்ஸிசிலின் சிரப்பை, சளி என்று முயலுக்கு ஊற்றிவிட்டு, வயிற்றுப்போக்கு வந்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள். முயலின் செரிமானம் முழுவதும் குடலில் வாழும் நுண்ணுயிர்களை நம்பி நடக்கிறது. வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின் போன்றவை நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு கக்கும் கிளாஸ்டிரிடியம் பெருக இடம் கொடுத்துவிடும். நாய்க்கும் பூனைக்கும் ஒத்துக்கொள்கிற மருந்து முயலைக் கொன்றுவிடும்.

குளிர்காலத்தில் கூட்டமாக அடைந்து கிடக்கும் முயல்களிடம் சொறியும் வேகமாகப் பரவும். மூக்கு நுனி, காது ஓரம், விரல்களில் சாம்பல் நிறத்தில் பொருக்கு கட்டும். அதற்கு மண்ணெண்ணெய், பழைய இன்ஜின் ஆயில் என்று பூசுகிறார்கள். அது நோயைவிடப் பெரிய கொடுமை. நாயின் கழுத்தில் உண்ணிக்காக விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும் முயலுக்கு நஞ்சு. சொறிக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. எடை பார்த்து மருத்துவர் கொடுக்க வேண்டியது அது. தோலைச் சுரண்டிப் பார்ப்பது, பல் பார்ப்பது, தேவைப்பட்டால் எக்ஸ்ரே: மருத்துவர் செய்யும் பரிசோதனை என்றால் பெரும்பாலும் இவ்வளவுதான்.

குட்டிகளைத் தாய் ஒதுக்கிவிட்டதா?

"தாய் பக்கத்திலேயே போகல டாக்டர், பசும்பால் கொடுத்தோம்." இந்தப் பேச்சு ஓயவே இல்லை. தாய் முயல் ஒரு நாளைக்கு ஒருமுறை, சில நேரம் இருமுறை, அதுவும் சில நிமிடங்கள் மட்டுமே பால் கொடுக்கும். மற்ற நேரமெல்லாம் விலகியே இருக்கும். அது அதன் இயல்பு. குட்டிகளின் வயிறு புடைத்து இருந்தால் பால் கிடைத்திருக்கிறது என்று பொருள். முயல் பாலில் உள்ள கொழுப்புக்குப் பசும்பால் ஈடாகாது. மயிர் முளைக்காமல் பிறக்கும் குட்டிகளுக்குச் சூடு தருவது தாய் தன் உடம்பிலிருந்து பிடுங்கிப் போட்ட மயிர்தான். அதை அழுக்கென்று அள்ளி எறிந்துவிடாதீர்கள். கூட்டிலிருந்து விழுந்து சில்லிட்ட குட்டியைக் கையில் பொத்திச் சூடேற்றி உள்ளே விடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஏற்காது என்ற பயம் வளர்ப்பு முயல் விஷயத்தில் தேவையில்லை.

கூண்டும் தீனியும்

கூண்டைத் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். மூன்று பக்கம் சாக்கோ தார்ப்பாயோ போட்டு, முன்பக்கத்தைக் காற்றுக்குத் திறந்து விடுங்கள். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டால் சிறுநீரின் நெடி உள்ளேயே தங்கி மூக்கைப் புண்ணாக்கும். கூண்டுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், நாள் முழுக்க அங்கே கிடக்கும் முயலின் நிலை என்ன? மூக்கைத் துடைத்துத் துடைத்து அதன் முன்னங்கால் மயிர் ஒட்டிப்போயிருந்தால் சளி முற்றிவிட்டது என்று பொருள்.

உள்ளே ஒரு மரப்பெட்டி, அது நிறையக் காய்ந்த வைக்கோல். நனைந்ததை அன்றன்றே எடுத்துவிட வேண்டும். ஈரமான கம்பித் தரையில் நின்றால் பாதம் புண்ணாகும். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வைக்கலாம். கூண்டுக்குள் பல்பு தொங்கவிடுவது வேண்டாம். முயல் ஒயரைக் கடிக்கும்.

குளிரில் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள முயலுக்குத் தீனி அதிகம் வேண்டும். காய்ந்த புல் இரவு முழுக்கத் தீராமல் இருக்கட்டும். பனி படிந்த கிக்குயு புல்லை விடியற்காலையில் அறுத்து அப்படியே போடாமல், உலர்த்திப் போடுங்கள். கேத்திப் பக்கம் கேரட் மலிவாகக் கிடைக்கிறது என்று கிழங்கையே தீனியாக்குகிறார்கள். அதில் சர்க்கரை அதிகம். ஒரு சிறு துண்டு போதும். கேரட் தழை தாராளமாகக் கொடுக்கலாம். இரவில் தண்ணீர் பாட்டிலின் முனை உறைந்துவிடும். கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரைக் காலையும் மாலையும் மாற்றுங்கள்.

புழுக்கையைப் பாருங்கள்

மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது புழுக்கை போட்டது என்பதுதான். வீட்டில் பலருக்குப் பதில் தெரிவதில்லை. தினமும் காலையில் கூண்டைப் பாருங்கள். புழுக்கை சிறுத்தாலோ குறைந்தாலோ குடல் ஓட்டம் மந்தமாகிறது. 12 மணி நேரம் எதுவுமே சாப்பிடாத முயல் அவசர சிகிச்சைக்கு உரியது. பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு குறுகி உட்கார்ந்தால் அதற்கு வலிக்கிறது. அப்போது துண்டில் சுற்றி, சூடான பாட்டிலைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்து, வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அவசரத்தில் அழைக்க, முயலுக்குச் சிகிச்சை தெரிந்த மருத்துவரின் எண்ணை இன்றே வாங்கிக் குறித்து வையுங்கள். நள்ளிரவானாலும் அழையுங்கள். ராத்திரியாயிற்றே, விடிந்ததும் பார்க்கலாம் என்று மட்டும் தயவுசெய்து இருந்துவிடாதீர்கள்.