தொட்டுப் பார்க்கச் சொல்லும் அருங்காட்சியகங்கள்

தமிழில் எந்தப் புலனைச் சொன்னாலும் கூடவே ஒரு 'பார்' வந்து ஒட்டிக்கொள்ளும். கேட்டுப் பார், முகர்ந்து பார், ருசித்துப் பார், தொட்டுப் பார். ஆனால் எந்த ஊர் அருங்காட்சியகத்தில் போய் அந்தக் கடைசி 'பார்'-ஐச் செய்தாலும் காவலர் ஓடி வந்துவிடுவார். அப்படியென்றால் கண் தெரியாத ஒருவருக்கு அந்தக் கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது? ஓவியத்தையும் சிற்பத்தையும் அவருக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? கொஞ்ச நாளாக இதைத் துருவிக்கொண்டிருந்தேன். தேடிப் படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இத்தாலியில் அட்ரியாட்டிக் கடலோரம் அங்கோனா என்று ஒரு துறைமுக ஊர். அந்த ஊரில் ஆல்தோ கிராசினி, டானியேலா பொட்டெகோனி என்று ஒரு தம்பதி. இருவருக்குமே பார்வை கிடையாது. ஊர் சுற்றுவதில் இருவருக்குமே ஆசை. போன இடத்திலெல்லாம் புகழ்பெற்ற சிற்பங்களுக்குப் பக்கத்திலேயே நின்றும் தொட அனுமதி இல்லாமல் திரும்ப வேண்டியிருந்தது. புலம்பிவிட்டுச் சும்மா இருக்காமல், 1993-இல் நகராட்சியின் ஆதரவோடு தாங்களே ஓர் அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். அதன் பெயர் ஓமேரோ. பார்வையற்றவர் என்று மரபு சொல்லும் கிரேக்கக் கவி ஹோமரின் பெயர்தான் அது. 1999-இல் இத்தாலிய நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு அதை அரசு அருங்காட்சியகமாக அறிவித்தது.

உள்ளே கிரேக்க, ரோமானியச் சிற்பங்களின் பிரதிகள், மைக்கலாஞ்சலோவின் பிரதிகள், தற்காலச் சிற்பிகளின் அசல் படைப்புகள் எல்லாம் இருக்கின்றன. எனக்கு அதிகம் பிடித்தது கட்டட மாதிரிகள். யோசித்துப் பாருங்கள், பார்த்தினான் கோயிலுக்கே நேரில் போனாலும் கையால் தொட முடிவது ஒரு தூணின் அடிப்பகுதியைத்தான். தூண் வரிசை எப்படிச் சுற்றி வருகிறது, கூரை எப்படி உட்காருகிறது என்பதெல்லாம் கைக்கு எட்டாது. மேசை அளவு மாதிரி ஒன்று இருந்தால் இரண்டு கைகளுக்குள் மொத்தக் கோயிலும் வந்துவிடும். இங்கே பிரதி அசலுக்கு மாற்று இல்லை, அசலால் முடியாததைச் செய்கிறது.

இந்தத் தொடாதே விதி ஆதிகாலத்திலிருந்தே இருந்ததில்லை. 1710-இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் போன உஃபன்பாக் என்ற ஜெர்மன் பயணி, வருகிறவர்கள் எல்லாவற்றையும் கையில் எடுக்கிறார்கள், தடுத்தாலும் கேட்பதில்லை என்று எரிச்சலோடு எழுதி வைத்திருக்கிறார். கூட்டம் பெருகப் பெருகத்தான் கண்ணாடிப் பெட்டியும் கயிறும் வந்தன. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. வியர்வையில் உப்பு, தோலில் எண்ணெய். உலோகத்தை உப்பு அரிக்கும், பளிங்கு எண்ணெயை உறிஞ்சிக் கறுக்கும். வத்திக்கானில் புனித பேதுருவின் வெண்கலச் சிலையில், பக்தர்கள் தொட்டும் முத்தமிட்டுமே வலது பாதத்தின் விரல்கள் மழுங்கிப் போயிருக்கின்றன. நம்ம கோயில் தூண் சிற்பங்கள் சிலதும் இப்படி வழவழவென்று ஆனவைதானே.

ஆனாலும் விதியைத் தளர்த்தியவர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் சார்ல்டன் டீஸ், நூறு வருடத்துக்கு முன்னாலேயே, 1913 வாக்கில், பார்வையற்ற பிள்ளைகளையும் பெரியவர்களையும் அழைத்து, பதப்படுத்திய விலங்குகள் உட்பட பல பொருள்களைத் தொட்டுப் பார்க்க வைத்தார். இன்றைக்கு லண்டனின் பிரிட்டிஷ் மியூசியத்திலும் எகிப்தியச் சிற்பக் கூடத்தில் சில அசல் கற்சிலைகளையே தொட அனுமதிக்கிறார்கள். கருங்கல் தாங்கும், அதான்.

சிற்பம் சரி, ஓவியத்தை என்ன செய்வது? அது தட்டை. தொட்டால் துணியும் காய்ந்த வண்ணமும்தான். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது.

படத்தைப் புடைப்பாகச் செதுக்கிவிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். போதாது. ஏன்னா கண்ணும் விரலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. கண்ணுக்கு முதல் நொடியிலேயே மொத்தப் படமும் குத்துமதிப்பாகப் பிடிபட்டுவிடும். அப்புறம்தான் நுணுக்கத்துக்குப் போகும். விரல் நேரெதிர். துண்டு துண்டாக வாங்கி, ஞாபகத்தில் வைத்து, கடைசியில்தான் முழுமையைக் கட்டும். அதோடு விரல் நுனியில் பக்கத்துப் பக்கத்து இரண்டு புள்ளிகளை இரண்டு என்று பிரித்து உணர ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். பிரெய்ல் புள்ளிகளுக்கு நடுவே சுமார் 2.5 மில்லிமீட்டர் விட்டிருப்பது சும்மா இல்லை. ஒரு புகைப்படத்தை அப்படியே மேடு பள்ளமாக மாற்றினால் விரலுக்கு அது மணல் கொட்டின மாதிரிதான் இருக்கும். எதை விடுவது என்று முடிவு செய்வதில்தான் திறமை.

சந்தேகமாக இருந்தால் வீட்டிலிருக்கும் சின்னப் பித்தளைப் பிள்ளையாரைக் கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்துப் பாருங்கள். பிள்ளையார் என்று தெரிந்துவிடும், அது சுலபம். தும்பிக்கை எந்தப் பக்கம், எந்தக் கையில் கொழுக்கட்டை, எந்தக் கால் மடங்கியிருக்கிறது என்று சொல்ல முயன்றால் எவ்வளவு நேரம் ஆகிறது என்று கவனியுங்கள்.

இத்தாலியின் பொலோன்யாவில் பார்வையற்றோருக்கான கவாட்ஸா நிறுவனம் இருக்கிறது. அதற்குள் அந்தெரோஸ் என்ற அருங்காட்சியகம் 1999-இல் தொடங்கியது. புகழ்பெற்ற ஓவியங்களைப் புடைப்புச் சிற்பமாக 'மொழிபெயர்த்து' வைத்திருக்கிறார்கள். பொட்டிசெல்லியின் வீனஸ் பிறப்பு, ஹொக்குசாயின் பேரலை எல்லாம் உண்டு. கொண்டுபோய்க் கையை வைத்துவிட்டு விடுவதில்லை. வழிகாட்டி பேசிக்கொண்டே கூட வருவார். கலை வரலாற்றாசிரியர் பனோஃப்ஸ்கியின் மூன்று படிகளை அங்கே பாடமுறையாக்கியிருக்கிறார்கள். முதலில் வடிவம் மட்டும்: இங்கே ஓர் உடம்பு, கீழே வளைந்த தட்டு, இடது பக்கம் பறக்கும் இருவர். அடுத்தது, இவர்கள் யார், என்ன கதை. கடைசியில், அந்தக் காலத்து மனிதருக்கு இது என்ன அர்த்தம் தந்தது. கைகள் படித்து முடித்ததும் களிமண்ணில் செய்தும் பார்க்கிறார்கள்.

இந்தக் களிமண் வேலைதான் என் பார்வையில் முக்கியம். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். களிமண் பொய் சொல்லாது. மாணவர் வீனஸின் தலையை எந்தப் பக்கம் சாய்த்திருக்கிறார் என்று பார்த்தால், எந்த இடத்தில் விளக்கம் தவறிப்போனது என்று ஆசிரியருக்கே தெரிந்துவிடும். எங்கள் மென்பொருள் தொழிலில் இதை டெஸ்ட் கேஸ் என்போம்.

பல அருங்காட்சியகங்கள் பயன்படுத்தும் இன்னொரு வழி, உடம்பாலேயே சிலையின் நிலையை எடுப்பது. ஒரு கை மார்புக்கு, மறு கை கூந்தலைப் பிடித்து இடுப்புக்குக் கீழே, எடை ஒரு காலில். வீனஸ் மாதிரி ஒரு நிமிடம் நின்று பார்த்தால் அந்த நிலை எவ்வளவு தள்ளாட்டமானது என்று இடுப்பே சொல்லும். இணையப் பக்கத்தில் படத்துக்கு நாங்கள் எழுதும் மாற்று உரையில் 'சிப்பி மேல் நிற்கும் பெண்' என்று முடித்துவிடுவோம். அது தகவல், கலைப் பாடம் இல்லை.

மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் ஆறு ஓவியங்களுக்கு வேறு மாதிரி செய்தது. சில மில்லிமீட்டர் உயரமுள்ள புடைப்பை அச்சிட்டு, வண்ணத்தையும் அதிலேயே கொண்டுவந்தார்கள். பார்வையற்றவருக்கு வண்ணம் எதற்கு என்று கேட்கலாம். பார்வைக் குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முழு இருட்டு கிடையாது. வெளிச்சமோ நிழலுருவமோ நிறமோ கொஞ்சம் தெரியும். பின்னாளில் பார்வை போனவருக்கு நிறங்கள் ஞாபகத்திலும் இருக்கும். அந்த வகையில் பிராடோ யோசித்தது சரி. ஆனால் பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு 'சிவப்பு என்றால் நெருப்பு மாதிரி சூடு' என்று சொல்லிக்கொடுப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் படத்தில் சிவப்பு என்ன வேலை செய்கிறது, யாரை முன்னால் தள்ளுகிறது என்று சொன்னால் அது அறிவுக்கு எட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் ரசிக்கக் கற்பது. வரையக் கற்பது? ஃபிலடெல்ஃபியா கலை அருங்காட்சியகம் 1970களிலேயே பார்வையற்ற பெரியவர்களுக்குக் கலை வரலாறும் செய்முறைப் பயிற்சியும் சேர்ந்த வகுப்பைத் தொடங்கிவிட்டது. இதற்கு ஆராய்ச்சிப் பலம் கொடுத்தவர் டொராண்டோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கென்னடி. ரப்பர் பலகை மேல் பிளாஸ்டிக் தாளை வைத்துப் பேனாவால் அழுத்தி வரைந்தால் கோடு மேலெழும்பும். வரைகிறவரே விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். இப்படி ஒரு பெண்ணிடம் சுழலும் சக்கரத்தை வரையச் சொன்னார். அவர் ஆரக்கால்களை வளைத்து வரைந்தார்! யாரும் சொல்லித்தரவில்லை. பிறகு வளைந்த, நெளிந்த, முறிந்த ஆரக்கால்கள் கொண்ட சக்கரங்களைப் பலரிடம் கொடுத்து எது எப்படிச் சுழல்கிறது என்று கேட்டார். பார்வையற்றவர்களும் பார்வையுள்ளவர்களும் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். கோடு என்பது கண்ணுக்கு மட்டும் சொந்தமானதில்லை என்று இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. பிறவியிலேயே பார்வையற்ற துருக்கிய ஓவியர் எஷ்ரெஃப் அர்மகானின் படங்களையும் கென்னடி ஆராய்ந்திருக்கிறார்; தூரம் போகப் போகச் சிறுத்துக் குவியும் கோடுகளைக்கூட அவரால் வரைய முடிந்தது.

நம் நாட்டிலும் ஆளுக்குப் பஞ்சமில்லை. சாந்திநிகேதனின் பினோத் பிஹாரி முகர்ஜிக்கு 1950களின் பிற்பகுதியில் கண் அறுவை சிகிச்சைக்குப் பின் பார்வை முழுதும் போனது. அதன் பிறகும் காகிதம் வெட்டி ஒட்டினார், சிற்பம் செய்தார், கலாபவனச் சுவரில் ஓடுகளால் ஒரு பெரிய படைப்பை உருவாக்கினார், பாடமும் நடத்தினார். அவரிடம் படித்த சத்யஜித் ராய் 1972-இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார்.

தில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் 2015-இல் 'அனுபவ்' என்ற தொட்டுணரும் கூடம் வந்தது. 22 பிரதிகள், பிரெய்ல் குறிப்புகளோடு. நல்ல தொடக்கம். ஆனால் பிரதிகளை வாங்கி வைப்பது ஒருமுறைச் செலவு. பக்கத்தில் நின்று, விரல் போகும் வேகத்தில் பேசத் தெரிந்த ஓர் ஆசிரியருக்கு மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். நம்ம ஊரில் இப்படி ஒரு கூடம் திறந்தால் நான் முதலில் கேட்கப்போவது அந்த ஆசிரியர் யார், வாரத்தில் எத்தனை நாள் வருவார் என்பதைத்தான்.