செர்மாட்டின் பனிக் கணக்கு

சுவிட்சர்லாந்தின் தெற்கு எல்லையோரம், சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது செர்மாட். ஊருக்கு மேலே 4,478 மீட்டர் உயர மேட்டர்ஹார்ன் சிகரம். பெட்ரோல், டீசல் கார்களுக்கு இங்கே இடமில்லை. டேஷ் கிராமத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலேறி வர வேண்டும். பனிச்சறுக்குக்காக வருகிறவர்களில் பெரும்பாலோர் குளிர்காலத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் கவனித்தால்தான், இங்கே விழும் பனி என்ன ஆகிறது என்பது புரியும்.

பனியாற்று ஆய்வாளர்களுக்கு ஆண்டு தொடங்குவது அக்டோபர் 1-ல். உருகுதல் அடங்கி, புதுப்பனி சேரத் தொடங்கும் நேரம் அது. லார்ச் மரங்கள் பொன்னிறமாகி ஊசியிலைகளை உதிர்க்கின்றன. கோடையெல்லாம் தின்று கொழுத்த மார்மட்டுகள் வளைக்குள் புகுந்து, வாயிலை மண்ணால் அடைத்துவிட்டு, ஏறக்குறைய ஆறு மாதம் உறங்கப் போகின்றன.

குளிர்காலத்தில் விழுந்த பனி, விழுந்தபடியே கிடப்பதில்லை. தரையை ஒட்டிய பனி பூஜ்ஜியம் டிகிரி அளவில் இருக்க, மேற்பரப்பு அதைவிடப் பல டிகிரி குளிர்ந்துபோகிறது. இந்த வேறுபாட்டால் அடியிலிருந்து நீராவி மேலேறி, வழியில் மீண்டும் உறைகிறது. அடிப்பனி, ஒன்றோடொன்று ஒட்டாத கற்கண்டுத் தூளைப்போல் பெரிய பரல்களாகிறது. அதன்மேல் காற்று புதுப்பனியைப் பலகையாக இறுக்கி வைத்தால், ஒரு சறுக்கு வீரரின் எடையே பனிச்சரிவைக் கிளப்பப் போதும். 2018 ஜனவரியில் கடும் பனிப்பொழிவால் பனிச்சரிவு அபாயம் உச்சத்தைத் தொட, சாலையும் ரயிலும் நின்று, சுமார் 13,000 சுற்றுலாப் பயணிகள் செர்மாட்டில் சிக்கினார்கள். சிலரை ஹெலிகாப்டரில்தான் வெளியேற்ற முடிந்தது.

பனி போதாத நாட்களில் சரிவுகளின் ஓரத்தில் பனிப்பீரங்கிகள் இயங்குகின்றன. அவை நீரை நுண்துளிகளாகப் பீய்ச்சுகின்றன. தரையைத் தொடுவதற்குள் துளி உறைந்துவிட வேண்டும். காற்று வறண்டிருந்தால் துளியிலிருந்து சிறிது நீர் ஆவியாகி, மிச்சத்தை மேலும் குளிர்விக்கும். அதனால் காற்றின் ஈரப்பதமும் வெப்பநிலையைப் போலவே முக்கியம். இரவுகள் வெதுவெதுப்பானால் இந்தப் பீரங்கிகளால் பயனில்லை.

வசந்தத்தில் உருகத் தொடங்கும் நீர் கோடையில் பெருக்கெடுக்கிறது. அதில் ஒரு பகுதியை ஊருக்கு மேலுள்ள ஸ்முட் நீரேற்று நிலையம் மலைக்குள் குடைந்த சுரங்கங்களுக்கு ஏற்றி, வேறொரு பள்ளத்தாக்கில் 285 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்கும் கிராண்ட் டிக்ஸான்ஸ் அணைக்கு அனுப்புகிறது. குளிர்காலத்தில் மின்தேவை கூடும்போது அந்த நீர் மின்சாரமாகிறது. சறுக்கி மகிழ்ந்த பனியே அடுத்த குளிர்காலத்தில் விளக்கெரிக்கிறது.

செர்மாட்டுக்கு மேலுள்ள தியோடுல் பனியாற்றின் மேல் கோடையிலும் சறுக்கலாம். ஆனால் 2022 கோடையின் வெப்பத்தில் அதையும் சில காலம் நிறுத்த வேண்டியதாயிற்று. அங்கே சுவிஸ்–இத்தாலி எல்லை பனிமுகட்டின் நீர்பிரி கோட்டை ஒட்டிச் செல்கிறது. பனி கரைந்து முகடு நகர்ந்ததால் எல்லைக்கோட்டையே திருத்த இரு நாடுகளும் 2023-ல் உடன்பட்டன. பாறை இடுக்குகளை இறுக்கிப் பிடித்திருக்கும் நிரந்தர உறைபனியும் தளர்கிறது. 2003-ன் கொடுங்கோடையில் மேட்டர்ஹார்னின் ஹோர்ன்லி முகட்டில் பாறை சரிந்தது. மலையேறிகளை ஹெலிகாப்டரில் மீட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் கணக்கு முடிகிறது. செர்மாட்டுக்கு மேலுள்ள ஃபிண்டெலன் போன்ற பனியாறுகளில் ஆய்வாளர்கள் துளையிட்டுக் கம்பங்களை நட்டிருக்கிறார்கள். சுற்றியுள்ள பனிக்கட்டி உருக உருகக் கம்பம் வெளியே தெரியும். அப்படி வெளிவந்த நீளம்தான் அந்த இடத்தின் இழப்பு. சுவிஸ் பனியாறுகள் 2022-ல் தம் கனஅளவில் 6 சதவீதத்தையும் 2023-ல் 4 சதவீதத்தையும் இழந்தன. இரண்டே ஆண்டில் பத்தில் ஒரு பங்கு!

செர்மாட்டுக்குச் செல்ல வாய்ப்பிருப்பவர்கள் ஒருமுறையாவது செப்டம்பரில் போக வேண்டும் என்பேன். கோடையைத் தாண்டி எவ்வளவு பனி மிஞ்சியது என்பது அப்போதுதான் தெரியும். சரிவை வெள்ளையாக்கப் பீரங்கியால் முடியும். பனியாற்றை உண்டாக்க முடியாது. கோடையைத் தாண்டி மிஞ்சிய பனி, ஆண்டுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்திக் கட்டியாக வேண்டும். வெப்பமாக்கும் வாயுக்களை நாம் குறைத்தால்தான் அப்படி மிஞ்சுவதற்குப் பனி இருக்கும்.