அல்சேஷன் பிரெஞ்சு நாயா? பெயர் மாறிய ஆட்டுக்கார நாயின் கதை!

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அதிகாலை வாக்கிங் போனால், காது நிமிர்ந்த ஓர் அல்சேஷனையாவது பார்த்துவிடலாம். அல்சாஸ் இன்று பிரான்ஸில் இருக்கிறது. அதனால் இதுவும் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்த நாயாக இருக்குமோ என்று நினைக்கத் தோன்றும். ஆனால், இது அசல் ஜெர்மன் நாய். ஜெர்மன் ஷெப்பர்ட் என்பதும் இதுவேதான்.

1899 ஏப்ரலில், குதிரைப்படையில் கேப்டனாக இருந்த மாக்ஸ் வான் ஸ்டெஃபானிட்ஸ், ஜெர்மனியில் நடந்த நாய்க் கண்காட்சி ஒன்றில் 'ஹெக்டர்' என்ற நாயைப் பார்த்து அங்கேயே வாங்கினார். அதற்கு 'ஹோரண்ட்' என்று பெயரை மாற்றி, அதே மாதம் இந்த இனத்துக்கென ஒரு சங்கத்தையும் தொடங்கினார். பதிவேட்டில் முதல் நாய் ஹோரண்ட்தான்.

அப்போது இந்த நாய்களுக்கு என்ன வேலை தெரியுமா? வேலியில்லாத வயல்களுக்கு நடுவே ஆடுகள் மேயும். பக்கத்துப் பயிரில் அவை வாய் வைக்காதபடி, மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் மணிக்கணக்கில் ஓட வேண்டும். நம்மூர் கிடை நாய்கள் ராத்திரி காவலுக்குப் பெயர்போனவை என்றால், இது பகலெல்லாம் நகரும் வேலி.

தொழிற்சாலைகள் பெருகி மேய்ச்சல் குறைந்தபோது, இனம் அழியாமலிருக்க போலீஸுக்கும் ராணுவத்துக்கும் இந்த நாய்களைப் பரிந்துரைத்தார் ஸ்டெஃபானிட்ஸ். முதல் உலகப் போரில் இவை செய்தி சுமந்தன, காயம்பட்டவர்களைத் தேடின. 1918-ல் பிரான்ஸின் லொரைன் பகுதியில் ஓர் அமெரிக்க வீரர் கண்டெடுத்த குட்டிதான், பின்னாளில் ஹாலிவுட் ஸ்டாரான ரின் டின் டின்!

போர் முடிந்ததும் பிரிட்டனில் 'ஜெர்மன்' என்ற சொல்லே கசந்தது. நாயை என்ன செய்வது? 'அல்சேஷன்' ஆக்கிவிட்டார்கள். 1977-ல் அங்கே பழைய பெயர் திரும்பிவிட்டது; நம் வாயில் மட்டும் அல்சேஷன் ஒட்டிக்கொண்டது. அதே போரில் இறந்தவர்களுக்கான பிரெஞ்சு நினைவுச் சின்னம் இந்தக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது.

கேட்டில் கட்டிப்போட்ட அல்சேஷன் சங்கிலி நீளத்துக்குள் அங்குமிங்கும் நடப்பதைப் பார்த்தால், எனக்கு இப்போது அந்த வயல் ஓரம்தான் ஞாபகம் வருகிறது. ஓடவே வளர்க்கப்பட்ட நாய் அது. வாங்கும் ஆசை இருந்தால், தினமும் ஓடவிட நேரம் இருக்கிறதா என்று முதலில் யோசியுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வரக்கூடியது. தாய், தந்தை நாய்களின் எக்ஸ்-ரேயைக் கேட்டுப் பாருங்கள். கோடையில் வெயிலுக்கு முன்பும் பின்பும் மட்டும் நடத்துங்கள். வெக்கை என்று ரோமத்தை மழித்துவிடாதீர்கள், தோல் வெந்துபோகும்.