பாறையில் குடியிருப்போர்

திருப்பூரின் சூழல் கேடு என்றதும் நொய்யல்தான் நினைவுக்கு வரும். ஆறு நிறம் மாறி ஓடியதை எல்லோரும் கண்ணால் பார்த்தோம். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது பெரிதானது. கல்குவாரிகளின் கதை வேறு. வெடி அதிர்ச்சியில் சுவர் விரிசல் விட்டால் ஊரார் ஆட்சியரிடம் மனுக் கொடுப்பார்கள். பாறையோடு சேர்ந்து வீடிழக்கும் ஆந்தைக்காக யார் கொடுப்பது?

பனியன் கம்பெனி கட்டடம், சாலை, தொழிலாளர் குடியிருப்பு எதுவானாலும் ஜல்லியும் எம்.சாண்டும் வேண்டும். பல்லடத்தை ஒட்டிய கோடங்கிபாளையம், இச்சிப்பட்டி வட்டாரத்தில் குவாரியும் கிரஷரும் அடுத்தடுத்து நிற்பது அதனால்தான்.

மொட்டைப் பாறை என்று நாம் கடந்து போகும் இடத்தில் நின்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மழை பெய்தால் பள்ளங்களில் நீர் தேங்கி, தவளை முட்டையிடும். வெடிப்பில் ஒரு பிடி மண் சேர்ந்தால் போதும், புல் முளைத்துவிடும். வெயில் ஏறியதும் பாறை ஓணான் உச்சிக்கு வந்து உட்காரும். இணைசேரும் பருவத்தில் ஆணின் முதுகு சிவந்து, விலா கன்னங்கரேல் என்றிருக்கும்.

இவற்றுக்கெல்லாம் பெரியவர் கொம்பன் ஆந்தை. இது கூடே கட்டாது. நாயும் நரியும் எட்டாத பாறை விளிம்பில், வெறுந்தரையில் முட்டையிடும். பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். ஒரு மாதத்துக்கு மேல் அடைகாக்க வேண்டும். வெடிக்கு வெடி தாய் எழுந்து பறந்தால் முட்டை வெயிலில் வெந்துபோகும். வயல் எலிகளை இரவெல்லாம் பிடித்துத் தின்னும் பறவை இது. நஷ்டம் ஆந்தைக்கு மட்டும் என்று விவசாயி நினைத்துவிட வேண்டாம்.

வெடி ஓய்ந்த பிறகும் தூசி ஓயாது. இலைத் துளைகளை அடைத்து, ஒளிச்சேர்க்கையைக் குறைக்கும். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும்தான் ஆதாரம். அந்த வேலியடியில்தான் கவுதாரியும் முயலும் கீரியும் ஒண்டுகின்றன. புல் தளர்ந்தால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் கவுதாரிக் குஞ்சுக்குத் தீனி இல்லை. காங்கயம் மாட்டுக்கும் அதே புல்தான்.

சட்டம் இவற்றைப் பார்ப்பதில்லை. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதி இருக்கிறது. சரணாலயங்களையும் காப்புக்காடுகளையும் சுற்றி 1 கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று 2021-இல் தமிழக அரசு விதி செய்தது. அடுத்த ஆண்டே அதிலிருந்து காப்புக்காட்டை எடுத்துவிட்டது. பட்டா நிலத்துப் பாறையும் கொறங்காடும் எந்தப் பட்டியலிலும் இல்லை. காங்கயம் அருகே ஊதியூர் மலையில் 2023-இல் சிறுத்தை நடமாடி ஆடுகளைத் தூக்கியபோதுதான், இந்தச் சமவெளிக் குன்றுகளும் காட்டு விலங்குக்கு இடம் கொடுக்கும் என்பது பலருக்கு உறைத்தது.

வேடிக்கை என்னவென்றால், கைவிட்ட பாறைக்குழிக்கு உயிர்கள் திரும்பி வரும். ஜெர்மனியில் ஐரோப்பியக் கொம்பன் ஆந்தைகள் பழைய குவாரிச் சுவர்களில் குஞ்சு பொரிக்கின்றன. நம் ஆந்தையும் அப்படித்தான். குழியின் ஒரு பக்கத்தைச் சரிவாக வெட்டிவிட்டால், தண்ணீர் தேடி விழும் மானும் ஆடும் ஏறி வந்துவிடும். வெட்டப்பட்ட கல் மறுபடி முளைக்காது. மிஞ்சிய குழியையாவது விட்டுவைக்கலாம். திருப்பூரிலோ குழியைக் கண்டால் குப்பை கொட்டத் தோன்றுகிறது. முதலிபாளையம் பாறைக்குழியில் மாநகராட்சிக் குப்பையைக் கொட்டுவதை எதிர்த்து 2025-இல் மக்கள் போராட வேண்டியதாயிற்று.

பெரிய குவாரிகளுக்கும் கூட்டமாக அமையும் குவாரிகளுக்கும் அனுமதி தருமுன் பொதுமக்கள் கருத்துக் கேட்பு நடக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்பே நாளிதழில் அறிவிப்பு வரும். பார்த்தால் போய்வாருங்கள். சூழல் தாக்க அறிக்கையை வாங்கி, உயிரினப் பட்டியலைப் புரட்டுங்கள். கொம்பன் ஆந்தை அதில் இல்லையென்றால், ராத்திரியில் ஒரு முறையாவது பாறைப் பக்கம் போனீர்களா என்று எழுந்து கேளுங்கள்.